ஆங்கிலம் அறிவோம்: மூன்றெழுத்து 'டியூ'

சென்ற மாதம் ஒரு பெரியவர் ஸ்கேன் ரிப்போர்ட்டுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு எட்டாவது மாதம். "அடுத்த மாசம் இருபதாம் தேதி டியூன்னு போட்டிருக்குதுங்க பாய். எவ்வளவுன்னு போடல. காசு தோது பண்ணோணும்" என்றார். வாங்கிப் பார்த்தோம். அதில் இருந்தது பிரசவத் தேதி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டிக்கு டியூ, குழுக் கடனுக்கு டியூ, பாத்திரத்துக்கும் டியூ என்று கோவையில் அந்தச் சொல்லுக்குத் தவணை என்ற ஒரே பொருள்தான் புழங்குகிறது.

லத்தீனில் கடன்பட்டிருப்பதைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது இது. டெபிட், டியூட்டி ஆகியவையும் அதே வேரில் முளைத்தவைதான். சேரவேண்டியது, வரவேண்டியது என்பது அடிப்படைப் பொருள். ஒருவருக்குச் சேரவேண்டியதை நாம் 'ஹக்' என்கிறோமே, அதற்கு மிக அருகில் வரும் ஆங்கிலச் சொல் இதுதான்.

பணம் வரவேண்டிய நாளும் டியூ டேட், குழந்தை வரவேண்டிய நாளும் டியூ டேட். மருத்துவச் சீட்டில் இ.டி.டி. என்றும் சுருக்கி எழுதுவார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிச் சொல்லும் உத்தேசக் கணக்கு அது. சரியாக அன்றே பிறக்கும் குழந்தைகள் குறைவு. பையைச் சில வாரம் முன்பே கட்டி வையுங்கள்.

'டியூ டு ரெயின்' என்றால் மழையின் காரணமாக. திசையோடு சேர்ந்தால் 'நேர்' என்று பொருள்: டியூ வெஸ்ட் என்பது நேர் மேற்கு. (நம் ஊரிலிருந்து கிப்லா டியூ வெஸ்ட் அல்ல, மேற்கிலிருந்து சுமார் 21 பாகை வடக்கே.)

மனுவுக்குப் பதிலாக 'இன் டியூ கோர்ஸ்' என்று வந்தால், உரிய காலத்தில் கவனிப்போம் என்று பொருள். அதில் தேதி கிடையாது. மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, போய்க் கேட்டபடி இருக்க வேண்டும்.

'ஓவர்டியூ' என்று கடிதம் வந்தால் மடித்து வைத்துவிடாதீர்கள். கெடு தாண்டிவிட்டது என்று அர்த்தம். நகைக் கடனில் ஏல அறிவிப்புக்கு முந்தைய எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்.

கடைசித் தவணை கட்டியதும் பலர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 'நோ டியூ' சான்றிதழைக் கையில் வாங்காமல் கிளம்பக் கூடாது. வண்டிக் கடன் என்றால் அதுவும் போதாது. ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க, கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் அவர் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை விற்கும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

புரியாத ஆங்கிலக் கடிதம் வீட்டில் கிடந்தால், மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறோம்.