தகரம் பயிரிடலாமா? இனம் அறிந்து முடிவு செய்வீர்



மூலிகைப் பயிர்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று கேள்வியுற்றுப் பலர் புதிய பயிர்களை நாடி வருகின்றனர். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உங்களிடம் எவரேனும், "தகரம் நாற்று இருக்கிறது, வாங்கி நடுங்கள், வேரை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று கூறலாம். பணம் கொடுக்கும் முன், அந்த நாற்று எது, அது உங்கள் நிலத்தில் வளருமா என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

தகரம் என்பது எது?

மேலை நாடுகளில் வலேரியன் எனப்படும் மூலிகையின் இந்திய இனமே தகரம். இதன் வேர்த்தண்டு மன அமைதிக்கும் உறக்கத்திற்கும் மருந்தாகப் பயன்படுகிறது. வலேரியானா பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மருந்துக்குப் பெயர் பெற்றவை சிலவே. பச்சை வேரில் மணம் குறைவு. உலரும்போது ஐசோவலரிக் அமிலம் வெளிப்படுவதால் கடும் நெடி வீசும்.

முக்கிய இனங்கள்

1. இந்திய வலேரியன் (வலேரியானா ஜடமான்சி): இமயமலைச் சாரலில் வளரும் சிறு செடி. அடியிலைகள் நீண்ட காம்புடன் இதய வடிவில் இருக்கும். பூக்கள் வெண்மை அல்லது இளஞ்சிவப்பு. வேர்த்தண்டு மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், விரல் போல் சற்று வளைந்து, மேற்புறம் இலைத் தழும்புகளுடன் காணப்படும்.

2. ஐரோப்பிய வலேரியன் (வலேரியானா அஃபிசினாலிஸ்): ஒரு மீட்டருக்கு மேல் வளரும். இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். வேர்த்தண்டு குட்டையானது. அதைச் சுற்றிச் சல்லிவேர்கள் நிறைந்திருக்கும்.

3. மெக்சிகோ வலேரியன் (வலேரியானா எடுலிஸ்): காரட் போன்ற தடித்த ஆணிவேர் உடையது.

4. வலேரியானா ஹார்ட்விக்கி: இமயமலையில் வளரும் உயரமான இனம். இலை பிரிந்திருக்கும். இதன் வேரை இந்திய வலேரியனுடன் கலந்து விற்பதுண்டு.

5. வலேரியானா லெஷனால்டி: நமது நீலகிரி மலை உச்சிகளில் காணப்படும் அரிய இனம். இதைத் தோண்டாமல் காப்பது நம் கடமை.

பெயரால் வரும் குழப்பம்

சடாமாஞ்சில் வேறு செடி. அதன் தாவரப் பெயர் நார்டோஸ்டாக்கிஸ் ஜடமான்சி. இரண்டின் பெயரிலும் ஜடமான்சி என்று வருவதால் வணிகர்களே மயங்குவர். சடாமாஞ்சில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட இமயமலைப் பகுதியில் வளர்வது. அதன் வேர்த்தண்டைச் செம்பழுப்பு நார்கள் வால் போல் மூடியிருக்கும். அழிவை எதிர்நோக்கும் செடியாதலால், 1997 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

மழைக்காலத்தில் நம் வரப்போரம் முளைக்கும் தகரை, ஆவாரையின் உறவு. வடநாட்டில் 'தகர்' எனப்படுவதோ கோயில் நந்தவனத்து நந்தியாவட்டை. இவை இரண்டும் வலேரியன் ஆகா.

போச்சம்பள்ளிக்கு ஏற்றதா?

இந்திய வலேரியனுக்கு 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும், குளிர்ந்த தட்பவெப்பமும், மரநிழலும், மக்கு நிறைந்த ஈரமண்ணும் தேவை. போச்சம்பள்ளிச் சமவெளி அதைவிட மிகத் தாழ்ந்தது. கோடையில் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டும். எனவே இங்கு திறந்த வெளியில் பயிரிட இது ஏற்றதன்று. வேரை அறுவடை செய்ய இரண்டு ஆண்டுகள் வரை ஆகும். நாற்று பட்டுப்போனால் நாற்றின் விலை மட்டுமன்று, அந்நிலத்தில் எடுத்திருக்கக்கூடிய நிலக்கடலை, கேழ்வரகு விளைச்சலும் போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* நாற்றின் தாவரப் பெயரை எழுத்தில் கேளுங்கள்.
* இலை, வேர் அடையாளங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.
* வேரைத் திரும்ப வாங்குவதாகச் சொல்பவரிடம் விலை, தரம், காலம் குறித்த ஒப்பந்தம் பெறுங்கள்.
* ஒரு செடியைக் கையோடு எடுத்துக்கொண்டு பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி அறிவுரை பெறுங்கள்.

மூலிகை பயிரிட்டே ஆகவேண்டும் என விரும்புவோர், வறட்சியைத் தாங்கும் அமுக்கராவைப் பற்றிக் கேட்டறியலாம். அதுவும் உறக்கத்திற்கு உதவும் வேரே. ஐந்தாறு மாதங்களில் அறுவடைக்கு வரும். வடிகால் வசதியுள்ள செம்மண் நிலத்திற்கு ஏற்றது. அதையும் முதலில் சில சென்ட் நிலத்தில் பயிரிட்டுப் பார்த்து, பின்னர் பரப்பை விரிவாக்குங்கள்.

மலைக்குரிய பயிரை மலைக்கே விட்டு, நம் மண்ணுக்கு ஏற்றதைத் தேர்ந்து பயனடைவீர்!