கடற்கரைப் பண்ணை எடுத்த தம்பி தங்கச்சிகளுக்கு

தாராவியிலும் செம்பூரிலும் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து போனில் ஸ்டார்டியூ வேலி ஆடுகிற பிள்ளைகளுக்குக் கடற்கரைப் பண்ணை மேல் தனி ஆசை. 2020 டிசம்பரில் கம்ப்யூட்டருக்கும், 2023 ஜனவரியில் போனுக்கும் வந்தது. விசாலமான இடம்தான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே வேலை வாங்கிவிடும்.

1. மணலில் ஸ்பிரிங்க்ளர் நிற்காது. சுமார் 200 கட்டம் மட்டும் நல்ல மண், அங்கேதான் வைக்கலாம். உங்கள் தாத்தா பாட்டிக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் என்றால் தேரிக்காட்டைப் பற்றிக் கேளுங்கள். அந்தச் செம்மணலில் பனையும் முந்திரியும் வளர்த்தார்கள், நெல் நடப் போகவில்லை.

2. விதையை வாங்கிக் குவிக்காதீர்கள். உங்கள் தெம்பு 270. ஒரு செடிக்குத் தண்ணீர் விட 2 போகும். நூறு செடி வைத்தால் 200 காலையிலேயே காலி. அப்புறம் எதை வைத்துச் சுரங்கத்துக்குள் இறங்குவீர்கள்? முதல் வசந்தத்துக்கு நாற்பது செடி தாராளம்.

3. டிவியில் நாளைக்கு மழை என்றால் அன்றே செடிக்கெல்லாம் தண்ணீர் விட்டுவிட்டு, 5 செம்புக் கட்டியும் 2000 காசும் எடுத்துக்கொண்டு பூவாளியைக் கொல்லர் கிளின்டிடம் கொடுங்கள். சாயங்காலம் 4 மணிக்குக் கடையை மூடிவிடுவார். மறுநாள் மழை பார்த்துக்கொள்ளும். அதற்கடுத்த நாள் வாளி கைக்கு வந்துவிடும், ஒரே ஊற்றில் மூன்று கட்டம் நனையும்.

4. கரையில் ஒதுங்கும் பெட்டியை விடாதீர்கள். உடைத்தால் ஏதாவது கிடைக்கும்.

5. இந்தப் பண்ணைக்குச் சோறு போடுவது கடல். தாராவியே கோலி மீனவர்களின் ஊராக இருந்ததுதான். கோலிவாடா இன்றும் இருக்கிறது. நம் வாசலிலேயே கடல்மீன் கிடைக்கும்போது பார்ஸ்னிப்பை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சம்மதமில்லை. மீன்பிடியில் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால் நண்டுக்கூட்டை மீன்கடை வில்லி 1500 காசுக்கு விற்பார். அல்லது 40 மரமும் 3 இரும்புக் கட்டியும் வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். தினமும் இரை வையுங்கள். இறால், நண்டு, சிப்பி எல்லாம் வரும்.

6. மணலில் கோழிக்கூடு, மாட்டுத் தொழுவம், பழமரம் வையுங்கள். மரத்துக்குத் தண்ணீர் வேண்டாம். சுற்றியுள்ள எட்டுக் கட்டம் காலியாக இருந்தால் 28 நாளில் வளர்ந்துவிடும்.

7. பெரிய விவசாயம் கண்ணாடிக் குடிலில். 120 கட்டம், எந்தப் பருவத்திலும் எந்தப் பயிரும், ஸ்பிரிங்க்ளரும் வைக்கலாம். கம்யூனிட்டி சென்டரில் பேன்ட்ரி பண்டில்களை முடித்தால் அது கிடைக்கும். ஆகவே முதல் அறுவடையிலிருந்தே ஒவ்வொரு பயிரிலும் ஒன்றை விற்காமல் பெட்டியில் போடுங்கள். தங்க நட்சத்திரம் விழுந்த பார்ஸ்னிப் என்றால் ஐந்து சேரும்வரை ஒன்றைக்கூட விற்காதீர்கள்.