நெருப்பில் முளைத்த காடு

(இளங்கலை அறிவியல், தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

நடவாத காரியத்தைக் 'கல்லில் நார் உரிப்பது' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கல்லில் நார் உரிக்க முடியாதுதான். ஆனால் கல்லில் காடு வளரும். அதுவும் நெருப்பாய் ஓடி வந்து உறைந்த கல்லில், வானை மறைக்கும் மழைக்காடு வளரும். வகுப்பில் 'தாவர வழிமுறை வளர்ச்சி' என்ற தலைப்பில் படித்து மதிப்பெண் வாங்கிய இச்செய்தியைக் கண்ணால் காணும் வாய்ப்புச் சென்ற கோடை விடுமுறையில் எனக்குக் கிடைத்தது. அதைத் தோழர் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெற்குப்பையைச் சேர்ந்த என் தந்தையார் கோயில்களில் சுதை வேலை செய்பவர். இந்துமாக்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் தமிழ் வழிவந்தோர் கட்டிய கோயில் ஒன்றின் திருப்பணிக்காகச் சென்றிருந்தார். குடமுழுக்குக்கு வருமாறு கோயிலார் என் தாயாரையும் என்னையும் அழைத்துப் பயணச் செலவையும் ஏற்றனர். விழா முடிந்த மறுநாள், எங்களைத் தங்கவைத்திருந்த குடும்பத்தினர் எரிமலைக் காட்டுக்குக் கூட்டிச் சென்றனர். அவ்வீட்டுப் பெரியவருக்குத் தமிழில் சாமி பெயர்களும் சில உறவுப் பெயர்களுமே தெரியும். எங்களுக்கோ பிரெஞ்சும் கிரியோலும் தெரியா. உடன் வந்த கோயில் குருக்களே இருதரப்புக்கும் நாவாக இருந்தார்.

தீவும் தீயும்

ரீயூனியன் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்குத் தென்மேற்கே உள்ளது. 2,512 சதுர கி.மீ. பரப்புள்ள இத்தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாக இருந்து வருகிறது. 1848-இல் அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் பட்ட துன்பம் பெரிதாகையால், 1882-இல் ஆங்கில அரசு ஆள் எடுப்பதை நிறுத்தியது. அவர்தம் வழித்தோன்றல்களே இன்று காவடியும் தீமிதியும் நடத்திவருகின்றனர்.

தீவு முழுவதும் எரிமலையின் படைப்பு. வடமேற்கே உள்ள பிட்டோன் தே நேழ் 3,070 மீட்டர் உயரமுள்ளது. நெடுங்காலமாக உறங்கிக் கிடக்கிறது. தென்கிழக்கே உள்ள பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர் உயரமுள்ளது. உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் ஒன்று. 'உலைமலை' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

இந்த உலைக்கும் நம் நாட்டுக்கும் உறவு உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ? சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவி மகாராட்டிரத்தின் கரும்பாறை மேடுகள் உண்டாயின. அக்குழம்பை மேலே அனுப்பிய ஆழ்நில வெப்ப ஊற்றே இன்று ரீயூனியனுக்குக் கீழ் எரிகிறது என்பர் நிலவியலார். நம் நிலத்தட்டு வடக்கே நகர்ந்துவிட்டது, அடுப்பு பின்தங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த அடுப்பு விட்டுச் சென்ற தடங்களே இலட்சத்தீவு, மாலத்தீவு, மொரீசியஸ் வரிசையின் அடித்தளம்.

தீ மட்டும் இருந்தால் காடு வருமா? நீரும் வேண்டும். தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுதும் வீசும் வணிகக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. ஆதலால் கிழக்குப் பகுதி மழைக்காடு. மேற்குப் பகுதி வறண்ட நிலம். இத்தீவின் ஃபோக் ஃபோக் என்னுமிடத்தில் 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்தது. இது உலகச் சாதனை. நம் சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 900 மி.மீ. நமது ஈராண்டு மழை அங்கே ஒரே நாளில் கொட்டியிருக்கிறது!

ஆண்டு எழுதிய பாறைகள்

கிழக்குக் கரைச் சாலையில் முதலில் நாங்கள் இறங்கிய இடம் ஒரு மாதா கோயில். 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு அவ்வூருக்குள் புகுந்து, கோயிலைச் சுற்றி வளைத்து வாசலோடு நின்றுவிட்டது. உறைந்த கரும்பாறை இன்றும் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. என் தந்தையார் அதைத் தட்டிப் பார்த்தார். "கல்லு பூரா ஓட்டை. உளி வச்சா உதிர்ந்துரும். சாமி செய்ய ஆகாது" என்றார். குழம்பு குளிரும்போது உள்ளிருந்த வாயு வெளியேறிய துளைகளே அவை. சாமி செய்ய ஆகாத அந்தத் துளைகள்தாம் செடிக்கு முதல் தொட்டி என்பதைச் சற்று நேரத்தில் கண்டேன்.

அதற்குத் தெற்கே 'பெரும் எரிநிலம்' என்று பொருள்படும் கிரான் புரூலே உள்ளது. உச்சியிலிருந்து வரும் குழம்பு கடலை நோக்கி இறங்கும் சரிவு இது. சாலை இதைக் குறுக்கே கடக்கிறது. ஒவ்வொரு குழம்போட்டத்தின் அருகிலும் அது ஓடிய ஆண்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு செடியை விதைத்து அறுநூறு ஆண்டு காத்திருக்க எந்த மாணவராலும் முடியாது. ஆனால் வெவ்வேறு வயதுள்ள பாறைகளைக் கடந்து நடந்தால், காலத்தையே நடந்து கடந்துவிடலாம். இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் உண்டோ?

2007-ஆம் ஆண்டுப் பாறையில் முதலில் கால் வைத்தோம். அவ்வாண்டு ஏப்ரலில் நிகழ்ந்த பொங்கலில் மலையுச்சிப் பள்ளம் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. குழம்பு சாலையை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. சில இடங்களில் பாறை முறுக்கிய வடம்போல் இருக்கிறது; சில இடங்களில் கொல்லன் உலைக் கிட்டம்போல் கூராக இருக்கிறது. உற்றுப் பார்த்தால் பச்சை மணிகள் மின்னும். அவை ஆலிவின் என்னும் கனிமம்.

அப்பாறைமேல் சாம்பல் பூத்தாற்போல் படர்ந்திருப்பது ஸ்டீரியோகாலான் வல்கானி என்னும் லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் வாழ்வே லைக்கன் என்பது நாம் அறிந்ததே. இதனுள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. மண்ணே இல்லாத இடத்தில் முதல் உரம் இதுதான். லைக்கன் மடிந்து துளைகளில் சேரும் தூளில் நெஃப்ரோலெப்பிஸ் என்னும் பெரணி வேர் விடுகிறது. அப்பெரணியின் இனத்தைத்தான் நம் வீடுகளில் அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கிறோம். பெரணியை அடுத்துப் புதர்கள் வருகின்றன. சில பத்தாண்டுகளில் சிறு மரங்கள் தலைதூக்குகின்றன. முழுக் காட்டுக்குப் பல நூற்றாண்டுகள் ஆகும்.

பங்காளி மரங்கள்

அந்த முழுக் காட்டைக் காணத் தெற்கே சான் பிலிப் அருகிலுள்ள மார் லோங் காட்டுக்குச் சென்றோம். தீவின் தாழ்நில மழைக்காடு கரும்புக்காகவும் குடியிருப்புக்காகவும் ஏறக்குறைய முழுவதும் அழிந்தபின் எஞ்சிய சிறு துண்டு இது. இக்காடு நிற்கும் பாறைக்குச் சில நூறு ஆண்டுகளே வயது.

உள்ளே புகுந்ததும் வெயில் மறைந்தது. வேர்கள் பாறையைக் கவ்விப் பிடித்திருந்தன. மண் ஒரு சாண்கூட இல்லை. பிரான்மலை ஏறிப் பழகிய கால்கள் என்று பெருமையடித்த நான் இருமுறை வழுக்கி விழுந்தேன். அப்போது என் தாயார் கீழே கிடந்த ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "ஆத்தா, கோடு கோடா இருக்குது பாரு. இது நம்ம புன்னை மாதிரியில்ல இருக்கு!" என்றார்.

பலகையைப் படித்தேன்: தக்கமாக்கா, காலோபில்லம் தக்கமாகாக்கா. நம் புன்னையோ காலோபில்லம் இனோபில்லம். ஒரே பேரினம்! ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தாயார், நான் பெயர்ப்பலகையில் தேடியதை இலை நரம்பிலேயே படித்துவிட்டார். மேலும் தேடினோம். 'பெரிய நாத்' என்னும் மரம் மிமுசாப்ஸ் பேரினம், அதாவது நம் மகிழ மரத்தின் பங்காளி. இன்னொன்று சைசீஜியம், நம் நாவலின் பங்காளி. மயிலாப்பூரில் புன்னையும், திருவொற்றியூரில் மகிழும், திருவானைக்காவில் வெண்ணாவலும் தலமரங்கள். அவற்றின் உறவினர் இங்கே எரிமலைமேல் காடாக நிற்கின்றனர்.

வராத விருந்தாளி

காட்டுவழியில் ஒரு பெரிய விதை கிடந்தது. நம் கல்லூரித் துறைக்குக் கொண்டுவரலாம் என்று எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தேன். பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். விதையை வாங்கி, வழியைவிட்டு விலகிச் சருகுக்குள் வைத்து மூடினார். பிறகு அவர் சொன்னதைக் குருக்கள் மொழிபெயர்த்தார்: "இந்த மரத்துக்கு விதை சுமக்க ஆள் இல்லை. கிடப்பதையும் எடுத்துப் போய்விட்டால் அது என்ன செய்யும்?"

அந்தச் சொல்லில் பெரிய அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது. 1660-களில் மனிதர் குடியேறியபோது இத்தீவில் பெருநில ஆமைகளும், பழந்தின்னி வௌவால்களும், கிளிகளும் நிறைந்திருந்தன. பழத்தை விழுங்கித் தொலைவில் விதையை இடுவது அவற்றின் பணி. ஆமைகள் கப்பல்களுக்கு இறைச்சியாயின. இரண்டு நூற்றாண்டுக்குள் அவ்வினமே பூண்டற்றுப் போயிற்று. மற்றவற்றுள்ளும் பல அழிந்தன. அதன் விளைவை அண்மைக்கால ஆய்வுகள் குழம்போட்டங்களில் கண்டறிந்துள்ளன. மனிதர் வருமுன் உறைந்த பாறைகளில் பெருவிதை மரங்கள் உள்ளன. பின்னர் உறைந்தவற்றில், பக்கத்திலேயே பழைய காடு இருந்தும், அம்மரங்கள் மிக அரிது. லைக்கன் வருகிறது, பெரணி வருகிறது, புதர் வருகிறது. நாத் மரம் மட்டும் வருவதில்லை. அதைச் சுமந்து வரவேண்டிய விருந்தாளி இறந்துவிட்டான்.

காலியான இடத்தில் வேறு ஆட்கள் நுழைகின்றனர். நம் கடற்கரையில் நட்டு வளர்க்கும் சவுக்கு, அங்கே குழம்புப் பாறையில் தானாகப் பரவி இயல்பான வளர்ச்சியை மறிக்கிறது. பிரேசிலிலிருந்து வந்த சிறு சிவப்புக் கொய்யா காட்டின் அடித்தளத்தை அடைத்துக்கொள்கிறது. வறண்ட தாழ்நிலக் காடுகளிலோ மரங்களை மூடி நெரிப்பது எது தெரியுமா? நம் குருக்கத்தி! மாதவி என்று காப்பிய நாயகிக்குப் பெயரான அதே கொடி. உலகின் மிகக் கேடான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றுள்ளது. அழகுக்காக எவரோ ஒருவர் எடுத்துச் சென்றிருப்பார், நான் கைக்குட்டையில் முடிந்ததைப்போல. என் முகம் சுருங்கியது.

ஒரு சிறுவனின் கை

இதே தீவு இதற்கு ஒரு விடையையும் வைத்திருக்கிறது. வனிலாக் கொடி மெக்சிகோ நாட்டது. ரீயூனியனில் நட்டபோது பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லை. 1841-இல் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், பூவினுள் ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைச் சிறு குச்சியால் விலக்கி, விரலால் அழுத்தி மகரந்தம் சேர்த்தான். கொடி காய்த்தது. இன்றும் உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் அவ்வாறே கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். 1848-இல் விடுதலை பெற்றபோது அவனுக்கு அல்பியுஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. பொருள் எதுவும் கிடைக்கவில்லை. 1880-இல் வறுமையிலேயே இறந்தான்.

பள்ளி காணாத ஒரு சிறுவனின் கை, வராத பூச்சியின் வேலையைச் செய்தது. அப்படியாயின் வராத ஆமையின் வேலையையும் மனிதக் கை செய்யலாமன்றோ? 2007-இல் தீவின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது; 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அயல் செடிகளை அகற்றுவதும், நாட்டு மரக் கன்றுகளை வளர்த்து நடுவதும் அங்கே நடைபெறுகின்றன. பெரியவர் விதையைச் சருகில் மூடியதும் அந்தப் பணியில் ஒரு துளியே.

நடப்போர்க்குச் சில குறிப்புகள்

குடும்பத்தோடு இத்தகைய காட்டில் நடப்போர் விடியற்காலையில் புறப்படவேண்டும். நண்பகலுக்குள் மேகம் மலையை மூடிவிடும். குழம்புப் பாறை கண்ணாடிபோல் கிழிக்கும். செருப்பு உதவாது, கெட்டியான காலணி வேண்டும். மழை வலுத்தால் ஓடைகளைக் கடக்கக்கூடாது. நுழையுமுன் காலணி மண்ணையும் உடையில் ஒட்டிய விதையையும் தட்டிவிடவேண்டும். காட்டிலிருந்து எதையும் எடுத்து வரலாகாது. இது நான் பட்டறிந்த குறிப்பு.

முடிவுரை

காடு என்றால் மரம் என்று எண்ணியிருந்தேன். மரம் நிற்பது, காடு என்பது நிற்பதும் பறப்பதும் ஊர்வதும் கூடிய குடும்பம். அதில் ஒருவர் போனால், நூறாண்டு கழித்தாவது குறை தெரியும்.

இதை நம் மாவட்டத்து உழவர்கள் புத்தகம் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களுக்கு வரும் பறவைகள் அஞ்சிவிடும் என்று, அங்குள்ள மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலைமலையின் குழம்பு மாதா கோயில் வாசலில் நின்றதும் அதே 1977-தான். அங்கே குழம்பு தானாக நின்றது. இங்கே மக்கள் தம் கையைத் தாமே நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவதே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

துறை அருங்காட்சியகத்துக்கு நான் எந்த விதையும் கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் என் தாயார் ஒரு புன்னங்கன்று வைத்திருக்கிறார். அது நம் ஊர் விதை.