அளந்த கோலைக் கேள்வி கேளுங்கள்

கேள்வி: சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, 2014-ல் குறுகிய கால கமிஷனில் ராணுவத்தின் தளவாடப் பிரிவு ஒன்றில் சேர்ந்தேன். பத்தாண்டு முடிந்து நிரந்தர கமிஷன் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஆண்களையும் பெண்களையும் ஒரே முறையில்தான் மதிப்பிட்டோம், உங்கள் ரகசிய அறிக்கைகளில் மதிப்பெண் போதவில்லை என்பது பதில். மறுப்பு ஆணை வந்து இரண்டு மாதம் ஆகிறது. ராணுவ விஷயத்தில் நீதிமன்றம் தலையிடாது என்கிறார்கள். எனக்கு வழி உண்டா?

– ஒரு வாசகி

பதில்: உண்டு. ஆனால், ‘பெண் என்பதால் மறுத்தார்கள்’ என்று மட்டும் வாதாடினால் வழக்கு நிற்காது. மறுப்பு ஆணையில் அப்படி ஒரு சொல்கூட இருக்காது. உங்களை அளந்த கோல் எந்தக் காலத்தில், எதற்காகச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12-வது பிரிவு, அரசு அறிவிக்கும் பிரிவுகளில் மட்டுமே பெண்களை அனுமதிக்கிறது. 1992-ல் சில பிரிவுகள் திறந்தன. அதுவும் குறுகிய காலப் பணிக்கு மட்டும். 2019-ல் அரசின் கொள்கை மாறி, 2020 பிப்ரவரி 17-ல் பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, உங்கள் பிரிவில் பெண்களுக்கு நிரந்தர கமிஷன் இல்லை. ஆகவே உங்கள் தொடக்க கால அறிக்கைகளை எழுதிய மேலதிகாரிக்கு, நீங்கள் அந்தப் போட்டியிலேயே இல்லாதவர். உங்களுடன் சேர்ந்த ஆண் அதிகாரிக்கோ அதே அறிக்கைதான் எதிர்காலம். 2021 மார்ச் 25-ல் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது: பார்வைக்குச் சமமாகத் தெரியும் விதி, விளைவில் ஒரு தரப்பை மட்டும் தள்ளிவிடுமானால் அது மறைமுகப் பாகுபாடு, உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை.

எதிர்த்தரப்பு மூன்று வாதங்களை வைக்கும். முதலாவது, அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அது இடம் தருவது உண்மை. ஆனால் நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம், கடமைக்கும் ஒழுங்குக்கும் தேவையான அளவுக்கே குறைக்கலாம். மதிப்பெண் போடும் முறை அந்தக் கணக்கில் வராது. இரண்டாவது, தகுதியை எடைபோடுவது தேர்வு வாரியத்தின் வேலை என்பது. சரிதான், நீங்கள் நீதிமன்றத்தை மதிப்பெண் போடச் சொல்லவில்லை, எடைக்கல் சரியா என்று பார்க்கச் சொல்கிறீர்கள். மூன்றாவதுதான் கனமானது: நிதிஷா தீர்ப்பு, நீண்ட காலம் காத்திருந்தவர்களுக்காக 2020-ல் கூடிய சிறப்பு வாரியத்தைப் பற்றியது, உங்களுடையது வழக்கமான வாரியம். இதை மறைக்காதீர்கள். அந்தத் தீர்ப்பின் நிவாரணம் உங்களுக்கு அப்படியே கிடைக்காது, அதன் கோட்பாடு கிடைக்கும். கொள்கை மாறியபின் எழுதப்பட்ட அறிக்கைகளில் உங்கள் மதிப்பெண் உயர்ந்திருந்தால், அந்த ஏற்றமே வலுவான சான்று. முன்னும் பின்னும் ஒரே அளவில் இருந்தால், வழக்கு பலவீனம்தான்.

இனிச் செய்ய வேண்டியது: ராணுவச் சட்டத்தின் 27-வது பிரிவின் கீழ் மத்திய அரசுக்கு முறையீடு அனுப்புங்கள். ஆண்டுவாரியான ஒப்பீட்டையும், தேர்வான ஆண்களில் கடைசியாக வந்தவரின் மதிப்பெண்ணையும் அதிலேயே கேளுங்கள். இறுதி ஆணை வந்தால் அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். அதன் அமர்வு சென்னையிலும் உண்டு. ஆறு மாதமாகியும் பதிலே வராவிட்டால், அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் போகலாம். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.