மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள்

தம்பி தங்கைகளே, இந்த மாத வகுப்பின் தலைப்பு 'இல்லறம்'. ஜாதகப் பொருத்தம் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் கக்கூஸைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீங்க.

1979. ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். என் சித்தப்பா அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்தார். குடிக்க மாட்டார், கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்பார். பஹாவிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பலகாரம், காப்பி எல்லாம் ஆச்சு. பெண்ணின் அம்மா, "கை கழுவிட்டு வரேன்" என்று லயத்துக்குப் பின்னால் போனார். பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். ஒன்றுக்குக் கதவில் கொக்கி இல்லை. மழைக்காலத்தில் வாய்க்காலைத் தாண்டித்தான் போகணும். ராத்திரி என்றால் டார்ச்லைட்டும் துணைக்கு ஓர் ஆளும் வேணும்.

அடுத்த வாரம் சேதி வந்தது: "பொண்ணுக்கு இன்னும் வயசு பத்தலையாம்." பாட்டிக்குக் காரணம் புரிந்துவிட்டது. இருபது வருஷம் அந்த வாய்க்காலைத் தாண்டியவர் ஆச்சே. "நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்று பின்னாளில் எங்களிடம் சொன்னார்.

இதையே இந்தியாவில் வெளிப்படையாகக் கேட்டார்கள். 2005இல் ஹரியானாவில் 'கழிவறை இல்லையென்றால் மணப்பெண் இல்லை' என்று பிரச்சாரம் நடந்தது. 2001 கணக்கெடுப்பின்படி அங்கே 1000 ஆண்களுக்கு 861 பெண்கள்தான். பெண் கிடைப்பதே கஷ்டம் என்பதால், மகன் உள்ள வீட்டார் கட்டினார்கள். (பெண் சிசுவைக் கருவிலேயே அழித்ததும் அந்தப் பற்றாக்குறைக்குக் காரணம். அதையும் மறக்கக் கூடாது.) மத்தியப் பிரதேசத்தில் அனிதா நர்ரே கல்யாணமான சில நாளிலேயே புகுந்த வீட்டைவிட்டு வெளியேறினார், கணவர் கழிவறை கட்டிய பிறகுதான் திரும்பினார். 2012இல் சுலப் இன்டர்நேஷனல் அவருக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது.

அந்தக் கணவரால் கட்ட முடிந்தது. சித்தப்பாவும் சொந்தக் காசில் கட்டுகிறேன் என்று கிராணியிடம் கேட்டார். "வீடு கம்பெனியோடது, ஒன்னோடது இல்ல" என்று பதில். தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் கேட்கும் சட்டம் 1966லேயே இருந்தது. பிறகு அதன் இடத்தில் 1990இல் சட்டம் 446 வந்தது. இரண்டிலும் பொறுப்பு முதலாளிக்குத்தான். ஆனால் 'பெண் தர மாட்டோம்' என்ற பதில் வந்தது சித்தப்பாவுக்கு.

அவர் சிரம்பானுக்குப் போய் வாடகை வீடு பிடித்தார். 34 வயசில்தான் கல்யாணம். வந்த அன்றே சித்தி கழிவறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாராம்.

அடுத்த வகுப்புக்கு முன், தோட்டத்தில் வாழ்ந்த உங்க பாட்டியிடம் கேட்டுட்டு வாங்க: ராத்திரியில் எங்கே போவீங்க, யாரைத் துணைக்கு எழுப்புவீங்க?