வேதாகமத்தில் பனிக்காலம்

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று, காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது ஒரு வயோதிபத் தாய் என்னிடம் வந்தார். தலையில் முட்டாக்கு, கையில் செபமாலை, மார்கழிக் குளிருக்கென ஒரு பழைய கம்பளிச் சட்டை.

"சுவாமி, ஒரு சந்தேகம். சேசுநாதர் ஸ்னோ கண்டவரோ?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் ஏழு வயதுப் பேரன் தொலைபேசியிலே வாசலில் கொட்டிக்கிடந்த வெண்பனியைக் காட்டி, இயேசு பாலனும் இதில் விளையாடினாரா என்று கேட்டானாம். "எனக்குத் தெரியேல்லை, சுவாமியிட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டிட்டன்" என்றார்.

"இல்லையம்மா, அது சூடான நாடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆண்டுக்கணக்காய்க் குருமடத்தில் வேதாகமம் படித்தவனுக்கு இது தெரியாதா என்ற எண்ணந்தான். அன்றிரவு வேறொரு தேவைக்காகச் சீராக் ஆகமத்தைத் திறந்தபோது, நான் சொன்னது பிழை என்று கண்டுகொண்டேன். வேதாகமத்திலே பனிக்காலம் நிறையவே இருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தத் தாயை இருத்திவைத்து நான் சொன்னவற்றையே இங்கு தருகிறேன். அவர் திருப்பிச் சொன்னதையும் அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நமக்குப் பனி என்றால், விடியலில் பூவரசு இலையிலிருந்து சொட்டுவதுதான். முதற் பூசைக்கு வரும் பெரியவர்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொள்வதோடு அதன் கொடுமை முடிந்துவிடும். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிவதைச் சிலர் கண்டிருக்கலாம். ஆனால் வானத்திலிருந்து வெண்பனி பொழிவதை இத்தீவில் இருந்துகொண்டு நாம் அறிவதில்லை. யெருசலேம் உயரத்தில் நுவரெலியாவின் பாதிகூட இல்லை. ஏறக்குறைய 750 மீற்றர்தான். ஆயினும் பூமத்திய ரேகையிலிருந்து வெகு தூரம் வடக்கே இருப்பதால் சில ஆண்டுகளில் அங்கே வெண்பனி விழுகிறது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் பெரும் பனி கொட்டி அந்நகரின் வீதிகளே அடைபட்டன. பெத்லேகேமும் அதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. நம் வீட்டுப் பாலன் குடில்களிலே பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்று காட்டுவதை நான் பல முறை கேலி செய்திருக்கிறேன். ஆண்டவர் பிறந்த இரவில் பனி விழுந்ததென்று நற்செய்தி சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஊரில் விழவே விழாது என்று சொல்ல எனக்கு இடமில்லை.

பழைய ஏற்பாட்டில் பனி நாளொன்றில் குழியில் இறங்கிச் சிங்கத்தைக் கொன்ற வீரன் ஒருவனைக் காண்கிறோம் (2 சாமு. 23:20). மக்கபேயர் காலத்தில், ஓரிரவு பெய்த கடும் பனியால் திரிபோன் என்ற பகைவனின் குதிரைப்படை நகர முடியாமற் போயிற்று (1 மக். 13:22). எல்லாவற்றிற்கும் மேலாக எர்மோன் மலை இருக்கிறது. 2,814 மீற்றர் உயரமான அம்மலையின் சிகரம் ஆண்டின் பல மாதங்கள் வெண்பனி மூடியிருக்கும். கலிலேயாவிலிருந்து வடக்கே பார்த்தால் அது தெரியும். அம்மலையின் அடிவாரத்தில் உள்ள பிலிப்புச் செசரியாப் பகுதியில்தான், 'நான் யாரென்று சொல்கிறீர்கள்' என்ற பொருளில் இயேசு தம் சீடர்களைக் கேட்டார். இன்னுமொன்று: எர்மோனில் உருகும் பனியும் பெய்யும் மழையும் பாறைக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றுகளாகப் பீறிட்டு யோர்தான் நதியாகின்றன. ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற நீரிலே பனி கரைந்திருந்தது என்று பேரனுக்குச் சொல்லலாம் என்றேன். தாயின் முகம் மலர்ந்தது.

இனிச் சீராக் ஆகமம். இதன் ஆசிரியர் கிறிஸ்துவுக்கு முன் ஏறக்குறைய 180ஆம் ஆண்டளவில் யெருசலேமிலே இளைஞருக்குக் கல்வி புகட்டியவர். நாற்பத்து மூன்றாம் அதிகாரத்தில் படைப்பின் அழகை வரிசையாகப் பாடுகிறார். சூரியன், சந்திரன், வானவில் எல்லாம் சொல்லிவிட்டுப் பனிக்கு வருகிறார். பறவைக் கூட்டம் தரையில் இறங்குவதுபோல் அது இறங்குகிறது என்கிறார். அதன் வெண்மையில் கண் மயங்குகிறது, அது விழுவதைப் பார்த்து நெஞ்சு வியக்கிறது என்கிறார். இது ஏட்டில் படித்துச் சொன்ன பேச்சன்று. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த மனிதனின் பேச்சு. உறைபனியை அவர் உப்புக்கு ஒப்பிடுகிறார். வெண்பனியை ஒருநாளும் காணாத நமக்கும் இந்த உவமை எட்டும். ஆனையிறவு உப்பளத்தில் வெய்யில் ஏறுமுன் பாத்திகள் வெளுத்துக் கிடந்ததைக் கண்டவர்கள் கண்ணை மூடி நினைத்துப் பார்க்கட்டும்.

சங்கீத ஆசிரியரோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். 147ஆம் சங்கீதத்திலே, இறைவன் வெண்பனியைக் கம்பளி மயிர்போல் பொழிகிறார் என்று பாடுகிறார். நிறத்தை மட்டும் நினைத்து அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் உவமை அவர் அறிந்ததைவிட ஆழமானது. கம்பளி நம்மைச் சூடாக வைத்திருப்பது ஏன்? அதன் மயிர்களுக்கிடையே காற்று அகப்பட்டு, உடலின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. புதிதாக விழுந்த வெண்பனியிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றுத்தான். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை முளைத்து நிற்கும்போது அதன்மேல் பனி விழுந்து மூடுகிறது. மூடாவிட்டால் காய்ந்த குளிர்காற்றில் பயிர் கருகிவிடும். கொல்ல வந்தது என்று நாம் நினைப்பது உண்மையில் போர்த்த வந்தது! பனித்துகள் ஒவ்வொன்றும் ஆறு கோணம் உடையது ஏன் என்று வானியலறிஞர் கெப்ளர் 1611ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலே எழுதி, நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். உறையும் நீரின் நுண்கூறுகள் ஆறு பக்கமாக அடுக்கப்படுவதே காரணம் என்று பிற்காலத்தார் கண்டனர். பேரனுக்கு ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

போர்த்துவதைப் பற்றிப் பேசும்போது பழமொழி ஆகமத்தின் கடைசி அதிகாரத்தையும் சொல்லவேண்டும். நல்ல மனைவியை அங்கே புகழும் ஆசிரியர், பனிக்காலம் வருகிறதென்று அவள் அஞ்சுவதில்லை, வீட்டிலுள்ள எல்லாருக்கும் உடுப்பு ஆயத்தமாக வைத்திருக்கிறாள் என்கிறார் (31:21). ஏழையின் போர்வையை அடைமானமாக வாங்கினால், பொழுது படுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது மோயீசனின் சட்டம் (யாத். 22:26). குளிரைப் பற்றி வேதாகமம் பேசும் இடங்களில் பெரும்பாலும் ஒருவன் மற்றவனை மூடுகிறான், அல்லது மூடவேண்டியவன் மூடாமல் விடுகிறான்.

புதிய ஏற்பாட்டில் அருளப்பர் தம் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், கோவில் அர்ப்பணத் திருநாளைக் குறிப்பிட்டு, அது குளிர்காலம் என்றும், இயேசு சாலமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்றும் எழுதுகிறார். காற்றுக்கு மறைவான இடம் தேடியிருப்பார் போலும். நம்மைப்போல் ஆண்டவருக்கும் குளிர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. அங்கே அவரைச் சூழ்ந்து நின்றவர்களின் உள்ளங்கள் தெய்வீக நெருப்பை அணுகத் தயங்கியதால் அவர்களும் குளிர்ந்திருந்தார்கள் என்று புனித அகுஸ்தினார் இதற்கு விளக்கம் சொல்கிறார்.

ஆயினும் பனிக்காலத்தைப் பற்றி வேதாகமத்தில் என் மனத்தை மிகவும் தொடுவது புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம். இதைச் சின்னப்பரே எழுதினாரா, அவருடைய சீடர் ஒருவர் அவர் பெயரால் எழுதினாரா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். வாதம் நடக்கட்டும். திருச்சபை அதைத் தேவ வாக்காக நமக்குத் தருகிறது.

கடிதம் ஒரு குடும்பத்தில் தொடங்குகிறது. திமோத்தேயுவை அன்பு மகனே என்று அழைத்து, அவனுடைய பாட்டி லோயி, தாய் யூனிக்கே ஆகியோரின் விசுவாசத்தை நினைவூட்டுகிறார். பாட்டியின் பெயரைச் சொல்லி எழுதிய அப்போஸ்தலர்! கடைசி அதிகாரத்தில் அவர் நிலை தெரிகிறது. உரோமையில் சிறை. தம் முடிவு நெருங்கிவிட்டதென்று அவருக்குத் தெரியும். தேமா விட்டுப் போய்விட்டான். மற்றவர்கள் ஆளுக்கொரு திசை. லூக்காஸ் மட்டும் கூட இருக்கிறார். அந்நிலையில் அவர் கேட்பவை மிகச் சிறியவை: துரோவா நகரில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கி, நூல்கள், விசேடமாய்த் தோற்சுருள்கள். பின்பு, குளிர்காலம் வருமுன் எப்படியாவது வந்துசேரும்படி வேண்டுகிறார்.

ஏன் குளிர்காலத்துக்கு முன்? திமோத்தேயு எபேசில் இருந்தான் என்று கொள்வோம். வடக்கே துரோவாவுக்குப் போய் மேலங்கியை எடுத்து, அங்கிருந்து கப்பலில் மக்கதோனியா, பிறகு தரைவழியாக மேற்குக் கரை, மறுபடி கப்பலேறி இத்தாலி. அக்காலத்தில் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடப்பட்டதாகக் கருதப்பட்டது என்று வெஜேசியு என்ற உரோமை ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அந்த நாள் தப்பினால் வசந்தம்வரை வழியில்லை. இதைச் சின்னப்பரைவிட நன்கறிந்தவர் யார்? பருவம் தப்பிப் புறப்பட்ட கப்பலில் 276 பேரோடு அலைக்கழிந்து, மால்த்தாத் தீவில் கரையொதுங்கியவரல்லவா? மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்கு அத்தீவு மக்கள் நெருப்பு மூட்டினார்கள். அப்போஸ்தலரே சுள்ளி பொறுக்கினார் (அப். பணி 28:2-3).

அவர் கேட்ட மேலங்கி தடித்த கம்பளியால் ஆனது. வட்டமாக வெட்டி, நடுவில் தலை நுழையத் துவாரம் வைத்திருப்பார்கள். பயணிகளும் ஏழைகளும் அணிந்தது. பூசைக்குக் குருவானவர் எல்லாவற்றுக்கும் மேலாக அணிகிறாரே, அந்த உடை இந்த மேலங்கியிலிருந்து வந்ததுதான். அதன் இலத்தீன் பெயருக்குச் சிறு வீடு என்று பொருள். இதைக் குருமடத்தில் படித்திருந்தும், குளிரில் நடுங்கிய ஒரு கிழவரோடு சேர்த்து நான் நினைத்ததில்லை.

இன்னொரு வேண்டுகோளும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. வரும்போது மாற்குவையும் கூட்டிவரச் சொல்கிறார் (4:11). யார் இந்த மாற்கு? முதல் தூதுரைப் பயணத்தில் பாதி வழியில் விட்டுவிட்டு யெருசலேமுக்குத் திரும்பியவர். அடுத்த பயணத்துக்கு அவரைச் சேர்ப்பதா என்பதில் சின்னப்பருக்கும் பர்னபாவுக்கும் கடும் பிணக்கு உண்டாகி, இருவரும் பிரிந்தே போனார்கள் (அப். பணி 15:37-39). அந்த மாற்குவையே, தமக்குப் பயன்படுபவர் என்று சொல்லி, கடைசிக் காலத்தில் அழைக்கிறார்.

இவ்விடத்தில் அந்தத் தாய் என்னை நிறுத்தினார். "சண்டை பிடிச்சது ஆர் பிழை, சுவாமி?" என்றார்.

"வேதாகமம் தீர்ப்புச் சொல்லவில்லையம்மா. விட்டுப் போனது மாற்கு. சேர்க்க மறுத்தது சின்னப்பர்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மகன் தன்னோடு பேசி நான்கு வருடமாம். வீட்டு வளவை மகளுக்குச் சீதனமாய் எழுதியதில் வந்த கோபம். பேரன் பேசுவது மருமகளின் தயவால். "பெடியன் கதைக்கேக்கை அவனும் அந்த அறையிலைதான் இருப்பான். சில வேளை அவன்ரை கை மட்டும் தெரியும், சுவாமி. நானும் கூப்பிடுறேல்லை. மூத்தவள் நான், ஏன் கூப்பிடவேணும் எண்டு இருந்திட்டன்."

நான் புத்தி சொல்லவில்லை. என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

"திமோத்தேயு போய்ச் சேர்ந்தவரோ?" என்று கேட்டார்.

"அதுவும் எழுதப்படவில்லையம்மா."

"அப்ப கேட்டது மட்டுந்தான் எழுதிக்கிடக்கு."

"ஓம்."

எழுந்து, முட்டாக்கைச் சரிசெய்துகொண்டார். "இப்ப அங்கை ராத்திரி. பெடியன் படுக்கமுன்னம் எடுக்கவேணும். முதல் யோர்தான் தண்ணியைச் சொல்லுறன். பிறகு போனைத் தேப்பன்ரை கையிலை குடு எண்டு கேக்கிறன்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.