அணுச்சரக்கும் அதன் காவலும்



அணுகுண்டு என்றதும் அது விழுந்த ஊரையே நினைக்கிறோம். விழாத குண்டுகளையும், அவற்றுக்கென்று சேர்த்து வைத்திருக்கும் யுரேனியத்தையும் காவல் காப்பவர்களை நினைப்பதில்லை. இந்த வாரம் அவர்களைக் குறித்துச் சிந்திப்போம்.

அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் ஓக் ரிட்ஜ் என்றோர் ஊர் உண்டு. 1945-ல் ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்கு யுரேனியம் தயாரானது அங்கேதான். இன்றும் அங்கே ஒரு பெரிய கட்டடத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் 25 கிலோ இருந்தால் ஒரு குண்டு செய்துவிடக் கூடும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. நாம் கடையில் வாங்கும் ஒரு சிப்பம் அரிசியின் எடை! ஆகையால் வேலிக்குள் வேலி, காமிரா, எச்சரிக்கை மணி, துப்பாக்கி ஏந்திய காவலர்.

2012-ம் வருஷம் ஜூலை 28-ந் தேதி, விடியுமுன், இவ்வளவையும் கடந்து அக்கட்டடத்தின் சுவரண்டை போய் நின்றவர் யார்? 82 வயதான கன்னிகை, மேகன் ரைஸ். கூட இரண்டு ஆண்கள். வேலிகளை அறுத்து நுழைந்தார்கள், சுவரில் இரத்தம் ஊற்றினார்கள், சமாதான வாக்கியங்களை எழுதினார்கள், சுத்தியலால் தட்டினார்கள். கடைசியில் வந்து சேர்ந்த காவலருக்கு அப்பம் நீட்டினார்கள்.

காவல் என்னவாயிற்று? அரசாங்க விசாரணையில் வெளிப்பட்டது இது: ஒரு காமிரா சுமார் ஆறு மாதமாய்ப் பழுது. மணி அடிக்கத்தான் செய்தது. ஆனால் மிருகங்கள் உரசினாலும் அடிக்கிற மணி அது. உள்ளேயிருந்த காவலர் ஒருவருக்குச் சுத்தியல் சத்தமும் கேட்டது. பழுது பார்க்கும் ஆட்கள் என்று எண்ணிக்கொண்டார். நான் அவர்களை ஏசமாட்டேன். திரிகால மணி கேட்டுக் கேட்டுப் பழகிய நம் காதுகளுக்கு இது விளங்காதா?

கன்னிகை செய்தது சரியா என்று கேட்பீர்கள். சட்டத்தை மீறுவது லேசான காரியமல்ல; பிள்ளைகளுக்கு அதைக் கண்டிப்பாய்ச் சொல்லுங்கள். ஆனால் அவர் ஓடி ஒளியவில்லை. 2014-ல் 35 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். நாசவேலைக் குற்றத்தை மேல்கோர்ட்டு 2015-ல் தள்ளியபின் விடுதலையானார், 2021-ல் காலமானார்.

அப்படியானால் வேலியை உயர்த்தினால் போதுமா? உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் வேலியைக் காப்பவனும் களைத்துப்போகிற மனுஷன். பிரான்சிஸ் பாப்பரசர் 2019 நவம்பர் 24-ந் தேதி ஹிரோஷிமாவிலேயே நின்று, இவ்வாயுதங்களை உபயோகிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே ஒழுக்கத்துக்கு விரோதம் என்று போதித்தார்.

அவை ஒழியும் நாள்மட்டும் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியவர்கள் அந்தக் காவலர்களே. இன்றிரவு குடும்ப ஜெபமாலையில் அவர்களுக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.